தரவரிசைக்குப் பின் வரும் தேர்வு: அந்தியூர் மாணவரும் கோவை அரசுக் கலைக் கல்லூரியும்

தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இடம் பெறும் முறையைப் போல வெளிப்படையானது நாட்டில் அதிகம் இல்லை. நுழைவுத்தேர்வு கிடையாது, நேர்காணல் கிடையாது. மேல்நிலைத் தேர்வில் மொழிப்பாடங்கள் நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை அமைகிறது. தமிழ், ஆங்கில இலக்கியப் படிப்புகளுக்கு மட்டும் அந்தந்த மொழித்தாளின் 100 மதிப்பெண் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதன்மேல் 69 விழுக்காட்டு இடஒதுக்கீடு செயல்படுகிறது. 2020 முதல் விண்ணப்பமும் இணையவழிக்கு வந்துவிட்டது. பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து 50 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய். இந்தத் தரவரிசையில் குறை காண இக்கட்டுரை முயலவில்லை. பட்டியல் வெளியான பின்பு, யாரும் தேர்வு என்று பெயரிடாத இரண்டாவது தேர்வு ஒன்று நடக்கிறது. தூரத்தையும் கைப்பணத்தையும் வைத்து அது ஆட்களைக் கழிக்கிறது என்பதே இங்கு வைக்கப்படும் வாதம்.

பொறியியல் சேர்க்கையில் மாநிலம் முழுமைக்கும் ஒரே கலந்தாய்வு. 2018 முதல் அதுவும் இணையத்தில். கலைக் கல்லூரிகளில் விண்ணப்பம் மட்டுமே பொது. பட்டியல் அந்தந்தக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொன்றும் தனக்கென நாள் குறித்து, முதலில் விளையாட்டு வீரர், மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் பிள்ளைகள் போன்ற சிறப்புப் பிரிவினரையும், பிறகு பொதுப் பட்டியலில் உள்ளோரையும் நேரில் அழைக்கிறது. 1852இல் வேர்கொண்ட கோவை அரசுக் கலைக் கல்லூரியில் வணிகவியலோ கணினி அறிவியலோ கேட்கும் ஈரோடு மாவட்டத்து அந்தியூர் மாணவி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பேருந்தில் வந்து, காலையில் வரிசையில் நிற்க வேண்டும். உடன் வரும் பெற்றோர் செங்கல் சூளையிலோ வெற்றிலைக் கொடிக்காலிலோ வேலை செய்பவரானால் அன்றைய கூலி போயிற்று. இதுகூடப் பொறுத்துக்கொள்ளத்தக்கது. உண்மையான சிக்கல் மாற்றுச் சான்றிதழில் இருக்கிறது. அருகிலுள்ள கல்லூரி முந்திக்கொண்டு அழைத்தால், அசல் சான்றிதழ்களைக் கொடுத்துக் கட்டணமும் கட்டியாக வேண்டும். பத்து நாள் கழித்துக் கோவையில் அவர் தரவரிசைக்கு இடம் விழுந்தால், சேர்ந்த கல்லூரியில் விலகல் கடிதம் எழுதிச் சான்றிதழை மீட்டு, மறுபடி பயணம் போய், மறுபடி பணம் கட்ட வேண்டும். கோவையிலேயே இருப்பவர் இதை ஒரு முற்பகலில் முடித்துவிடுவார். அந்தியூர்க் குடும்பம் கிடைத்த இடமே போதும் என்று இருந்துவிடும். இருவர் மதிப்பெண்ணும் ஒன்றாக இருந்தாலும் இதுதான் நடக்கும். அதே நேரத்தில் தனியார் கல்லூரிகள் தேர்வு முடிவு வந்த வாரமே சுயநிதிப் பிரிவுகளில் இடத்தை உறுதிசெய்துவிடுவதால், காத்திருக்கத் துணிவில்லாதவர் அதிகக் கட்டணத்துக்குத் தலையாட்டுவதும் உண்டு.

அந்தியூரிலேயே இப்போது அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறதே, கோபியில் 1968 முதல் கல்லூரி இருக்கிறதே, கோவைக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வட்டந்தோறும் கல்லூரி திறந்ததால் பட்டம் படிக்கும் வாய்ப்பு விரிந்தது உண்மை. பெண்களுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயும், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் இதே கோவை அரசுக் கலைக் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் அதற்குத் துணை. ஆனால் புதிய கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய பாடப்பிரிவுகளோடுதான் தொடங்குகின்றன. கலைக் கல்வியின் பயனே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதைப் படி என்று சொல்வது அந்த உரிமையை நகரத்தாருக்கு மட்டும் விட்டுவைப்பதாகும். தீர்வாகப் பொறியியலைப் போலக் கலைக் கல்லூரிகளுக்கும் ஒரே கலந்தாய்வு வைத்தால் இடங்களைப் பிடித்துவைத்துக்கொண்டு கடைசியில் வராமல் போவார்கள் என்பது மற்றொரு மறுப்பு. பொறியியல் கலந்தாய்வு இதற்கு விடை கண்டிருக்கிறது: கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டே, அதைவிட விரும்பிய இடம் காலியானால் தானாக அங்கே நகரும் வழி அங்கே உண்டு. கல்லூரிக்குக் கல்லூரி அலைந்து சான்றிதழ் மீட்கும் வேலை அதனால் குறைகிறது.

மதிப்பெண்ணையே கைவிட்டு, கட்டுரை, நேர்காணல், பள்ளிக்கு வெளியே செய்த பணிகள் ஆகியவற்றைக் கொண்டு மாணவரை முழுமையாக எடைபோட வேண்டும் என்போரும் உளர். 2014இல் சோனிப்பட்டில் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகம் போன்றவை இவ்வழியில் செல்கின்றன. மனப்பாடத்துக்குப் பேர்போன நாமக்கல் வட்டார விடுதிப் பள்ளிகளை நினைத்தால் இந்த விருப்பம் புரிகிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அவை ஒதுக்கித்தள்ளிய வழக்கமே 2017-18இல் அவ்வகுப்புக்குப் பொதுத்தேர்வு வரக் காரணங்களில் ஒன்று. ஆயினும் முழுமையாக எடைபோடும் முறையின் பிறப்பை மறக்கலாகாது. அமெரிக்காவில் 1920களில் ஹார்வர்டு போன்ற நிறுவனங்கள் குணநலன், ஆளுமை என்ற அளவுகோல்களைக் கொண்டுவந்தது, மதிப்பெண்ணால் உள்ளே வந்த யூத மாணவரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தத்தான் என்று சமூகவியலாளர் ஜெரோம் காராபெல் ஆவணங்களோடு நிறுவியிருக்கிறார். ஆளைப் பார்த்து எடைபோடும் முறை, பார்ப்பவரின் வர்க்கத்தையும் உடன் கொண்டுவரும். அந்தியூர் அரசுப் பள்ளி மாணவிக்கு 400க்கு இத்தனை என்ற வறட்டு எண் தரும் பாதுகாப்பை எந்த நேர்காணலும் தராது.

கலந்தாய்வை ஒன்றாக்கினாலும் தீராதது ஒன்று உண்டு. அந்தியூர் வட்டத்தைச் சேர்ந்த பர்கூர் மலையில் மலையாளி இனத்தார் வாழ்கின்றனர். பழங்குடியினர் பட்டியல் இவ்வினத்தைத் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும் வரையறுத்துச் சேர்த்தது. ஈரோடு அன்று கோவை மாவட்டத்தில் இருந்ததால் விடுபட்டது. எனவே சேலத்து மலையில் பிறந்த மாணவருக்குள்ள ஒரு விழுக்காட்டு ஒதுக்கீடும் 2 ரூபாய்க் கட்டணமும் பர்கூரில் பிறந்தவருக்கு இல்லை. இதை மாற்றும் அதிகாரம் கல்லூரிக்கோ கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கோ மாநில அரசுக்கோ கிடையாது. அரசமைப்பின் 342ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால்தான் முடியும்.