அபெர்டீன் டாக்டரின் பட்டியல்

பிள்ளை பெற்ற மூணாம் நாள், நாலாம் நாள் தாய்க்குக் காய்ச்சல் அடித்தால் நம்ம பாட்டிமார்கள் பதறிப்போவார்கள். "ஜன்னி கண்டுடுச்சு" என்பார்கள். அந்தப் பயம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. இன்னைக்கு உங்களை ஸ்காட்லாந்தில் இருக்கும் அபெர்டீன் நகரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்.

1789 டிசம்பரில் அங்கே பிரசவக் காய்ச்சல் பரவ ஆரம்பித்தது. 1792 மார்ச் வரை அடங்கவில்லை. கிருமி என்ற பேச்சே இல்லாத காலம். கெட்ட காற்றால் வருகிறது என்று பலர் நம்பினார்கள்.

அங்கே அலெக்சாண்டர் கார்டன் என்று ஒரு டாக்டர். முன்னாடி கடற்படையில் இருந்தவர். அவர் ஒரு பட்டியல் போட்டார். காய்ச்சல் கண்ட தாயின் பெயர், வயது, வீடு எங்கே, பிரசவம் பார்த்தது யார், பிழைத்தாரா இல்லையா. மொத்தம் 77 பேர். அதில் 28 பேர் இறந்துபோனார்கள்.

பட்டியலைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. காய்ச்சல்காரியைப் பார்த்துவிட்டு வந்தவர் அடுத்து யாருக்குப் பிரசவம் பார்த்தாரோ, அவருக்குத்தான் காய்ச்சல். எந்த மருத்துவச்சி வரப்போகிறார் என்று தெரிந்தாலே, யாருக்கு வரும் என்று கார்டனால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது.

ஆனா, பிரசவம் பார்த்தவர்கள் வரிசையில் அவர் பெயரும் இருந்ததே! அதை மறைக்கவில்லை. 1795-ல் வெளியிட்ட புத்தகத்தில், நானும் பல பெண்களுக்கு இந்த நோயைக் கொண்டுபோயிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். நோயாளியின் துணியையும் படுக்கையையும் எரிக்கணும், இல்லைன்னா புகை போடணும். டாக்டரும் தாதியும் நன்றாகக் கழுவிக்கொள்ளணும் என்றார். ரத்தத்தை வெளியேற்றி வைத்தியம் பார்த்தது அவருடைய தப்பு. அது அந்தக் காலத்து வழக்கம்.

மருத்துவச்சிகளின் பெயரையும் அச்சில் போட்டதால் ஊரே அவர்மேல் கோபப்பட்டது. அதே வருடம் கடற்படை மறுபடி கூப்பிட, ஊரை விட்டுப் போனார். 1799-ல் காசநோயில் இறந்தார். வியன்னாவில் செம்மல்வைஸ் கை கழுவச் சொன்னது 1847-ல். நடுவில் 52 வருடம்!

இன்னைக்குத் தமிழ்நாட்டில் பிரசவத்தை ஒட்டி ஒரு தாய் இறந்தால், எங்கே தாமதம், யார் பார்த்தார்கள் என்று உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். அதிலும் கார்டன் கேட்ட கேள்விதான் இருக்கிறது. கேட்பது சுலபம். பதிலில் நம்ம பெயர் வந்தாலும் அழிக்காமல் விடுவதுதான் கஷ்டம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.