சேவையில் ஆறும் காயம்: முள்ளிக்குளத்தின் 38 நாட்கள் சொல்வது என்ன?

2017 மார்ச் 23ஆம் திகதி முள்ளிக்குளத்து மக்கள் தங்கள் ஊருக்கு வெளியே போராட்டத்தில் அமர்ந்தார்கள். உள்ளே அவர்களது வீடுகளும் வயல்களும் பரலோக மாதா ஆலயமும் இருந்தன. அவற்றைச் சுற்றிக் கடற்படைத் தளம் இருந்தது. ஏப்ரல் 29 வரை 38 நாட்கள் போராட்டம் நீடித்தது. அது தவக்காலம். அந்த வருடம் பெரிய வெள்ளியும் சித்திரைப் புத்தாண்டும் ஏப்ரல் 14 அன்று ஒரே நாளில் வந்தன. அந்த நாளும் உயிர்த்த ஞாயிறும் போராட்ட நாட்களாகவே கழிந்தன.

இதை நாம் காணிப் பிரச்சினையாகவே எழுதியும் வாசித்தும் வந்திருக்கிறோம். அது சரிதான், காணிதான் கோரிக்கை. ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. திரும்பத் திரும்ப இடம்பெயர்க்கப்பட்டு, எதுவும் தம் கையில் இல்லை என்று உணரவைக்கப்பட்ட மக்கள், ஒருவருக்காக ஒருவர் எழுந்து நிற்கும்போது அவர்களது மனதில் என்ன நடக்கிறது? பிறருக்காகச் செய்யும் ஒரு காரியம் போரின் காயத்தை ஆற்றுமா? ஆற்றும் என்றால் எந்த அளவுக்கு, எந்த நிபந்தனைகளோடு? போரால் பாதிக்கப்பட்ட நமக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல.

ஊரை இழந்த கதை

முள்ளிக்குளம் மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரதேச செயலாளர் பிரிவில், வில்பத்து வனத்தை அண்டியிருக்கும் கரையோரக் கத்தோலிக்கக் கிராமம். கடற்றொழிலும் விவசாயமும் அங்கு வாழ்வாதாரம். போர்க்காலத்தில் ஒருமுறைக்கு மேல் இடம்பெயர்ந்த இந்த ஊர், கடைசியாக 2007 செப்டெம்பர் 8ஆம் திகதி இராணுவத்தினரால் வெளியேற்றப்பட்டது. பின்னர் கடற்படையின் வடமேல் கட்டளைத் தலைமையகம் அங்கு அமைந்தது.

2012இல் மக்கள் திரும்பி வந்தபோது ஊருக்குள் குடியேற முடியவில்லை. மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டு வாழத் தொடங்கினார்கள். சொந்த ஊர் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்க, அதற்கு வெளியே ஐந்து வருடங்கள் காத்திருந்தார்கள். அதன் பிறகுதான் 2017 போராட்டம்.

38ஆம் நாள், அப்போதைய கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் ரவீந்திர விஜேகுணரத்ன 100 ஏக்கர் காணியை விடுவிப்பதாக அறிவித்தார். ஆனால் அது முழு ஊரும் திரும்பக் கிடைத்ததாக ஆகவில்லை. குடிமனைகள் இருந்த பகுதி அதன் பிறகும் தளத்துக்குள்ளேயே இருந்தது.

போர் எடுத்துச் சென்றவற்றில் ஒன்று

யாழ்ப்பாண மாவட்டத்தில் போர் முடிந்த கையோடு 2009இல் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. அதன்படி 7 சதவீதமானவர்களிடம் நெருக்கீட்டுக்குப் பிந்தைய மனவடு நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. 32.6 சதவீதமானவர்களிடம் பதகளிப்பும், 22.2 சதவீதமானவர்களிடம் மனச்சோர்வும் காணப்பட்டன. அப்போது முகாம்களில் இருந்தவர்களிடம் இந்தப் பாதிப்புகள் அதிகமாக இருந்தன.

இந்த எண்கள் தனி மனிதரின் நோயைச் சொல்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் பல வருடங்களாக இன்னொன்றையும் சொல்லி வந்திருக்கிறார். காயம் தனி மனிதரோடு நின்றுவிடுவதில்லை, குடும்பத்திலும் ஊரிலும் விழுகிறது. ஒருவரையொருவர் நம்ப முடியாமை, வாய் திறக்காத மௌனம், பிறர் கையை எதிர்பார்த்தே வாழும் நிலை, எதிலும் முன்வராமை ஆகியவற்றை அவர் கூட்டு மனவடுவின் அடையாளங்களாகக் காட்டுகிறார்.

எப்போது ஓடுவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, இறந்தவரை எங்கே புதைப்பது என்று எதையும் போருக்குள் இருந்த மக்கள் தாமாகத் தீர்மானிக்கவில்லை. முகாமுக்கு வந்த பின்னும் வரிசையும் பதிவும் நிவாரண அட்டையுமே வாழ்வைத் தீர்மானித்தன. உயிர், உடைமை, உறவு ஆகியவற்றோடு போர் எடுத்துச் சென்ற இன்னொன்று, ‘என்னால் ஏதாவது செய்ய முடியும்’ என்ற உணர்வு. பிறருக்கு உதவுவது ஆற்றக்கூடிய இடமும் இதுதான். நிவாரணம் வாங்கும் கை மறுபடி கொடுக்கும் கையாகும்போது, இழந்த அந்த உணர்வில் ஒரு பங்கு திரும்பி வருகிறது.

காயப்பட்டவர்களே கைகொடுத்த இடங்கள்

இதற்கு நம் மண்ணிலேயே உதாரணங்கள் உண்டு. 2009இல் வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அத்தனை பேருக்குப் போதிய உளமருத்துவர்கள் இருக்கவில்லை. எனவே முகாமில் இருந்தவர்களிலிருந்தே தொண்டர்களைத் தெரிந்து, சமூக உதவியாளர்களாகப் பயிற்றினார்கள். இவர்களும் அதே இறுதிநாட்களைக் கடந்தவர்கள்தான். கூடாரம் கூடாரமாகப் போய்ப் பேச்சுக் கொடுத்து, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை வைத்தியரிடம் அழைத்து வருவது இவர்களது பணியாக இருந்தது. வெளியாள் ஒருவருக்குச் சொல்ல முடியாததை, தம்மோடு பதுங்குகுழியில் இருந்த ஒருவருக்குச் சொல்ல முடியும்.

மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையமும் அப்படித் தொடங்கியதே. 1991இல் கொழும்பு அகதிமுகாம்களில் இருந்த கிழக்கு மாகாணப் பெண்களோடு ஆரம்பித்த வேலை, 1993இல் மட்டக்களப்புக்குத் திரும்பியது. மன்னாரிலும் வன்னியிலும் கண்ணிவெடி அகற்றும் பணிக்குப் போன பெண்களில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியாகத் தாங்கியவர்கள் பலர். அது சம்பளத்துக்கான வேலைதான், வறுமைதான் அந்த ஆபத்தான வேலைக்குத் தள்ளியது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனாலும் அவர்கள் துப்புரவாக்கிய நிலத்தில்தான் பிறகு யாரோ ஒருவரின் பிள்ளை பயமில்லாமல் ஓடி விளையாடுகிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய போராட்டங்கள் இன்னொரு வகை. தன் பிள்ளையைத் தேடி வந்த தாய், அருகில் இருக்கும் தாயின் பிள்ளைக்காகவும் படத்தைத் தூக்குகிறாள். ஆர்ஜென்டீனாவில் 1977 ஏப்ரல் 30ஆம் திகதி 14 பெண்கள் தலைநகரின் மாயோ சதுக்கத்தில் கூடியதும் இப்படித்தான். ஒவ்வொருவரும் தன் பிள்ளையைத் தேடி வந்தார்கள். பின்னர் எல்லாப் பிள்ளைகளுக்கும் தாய்மாராக நின்றார்கள்.

முள்ளிக்குளத்தின் 38 நாட்களையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். ஒரு தொடர் போராட்டம் பதாகையால் மட்டும் நிலைப்பதில்லை. சமைக்க ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர், கைக்குழந்தையைப் பார்க்க ஒருவர், அதிகாரிகளோடு பேச ஒருவர், சோர்ந்துபோனவரின் பக்கத்தில் சும்மா இருக்க ஒருவர் என்று அது ஒரு ஊரையே மறுபடி கட்டுகிறது. காணி கிடைப்பதற்கு முன்னரே, சிதறிய ஊர் அந்த இடத்தில் கூடிவிடுகிறது.

ஆய்வுகள் சொல்லும் வரிசை

நாசிகளின் வதைமுகாம்களில் பெற்றோரையும் மனைவியையும் சகோதரனையும் இழந்த யூத உளமருத்துவர் விக்ரர் பிராங்ல், 1942இல் தெரேசியன்ஸ்ராட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கேயே, புதிதாக வந்திறங்கும் கைதிகளின் அதிர்ச்சியைத் தணிக்கவும் தற்கொலைகளைத் தடுக்கவும் அவர் ஒரு சிறு சேவையை ஒழுங்குபடுத்தினார். வாழ்வதற்கு ஒரு காரணம் இருப்பவர் துன்பத்தைத் தாங்கும் வலிமை பெறுகிறார் என்பது அவரது சிகிச்சை முறையின் அடிப்படை.

அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியான தம் நூலில் மனவடுவிலிருந்து மீள்வதை மூன்று கட்டங்களாக வகுத்தார். முதலில் பாதுகாப்பு. அடுத்து நடந்ததை நினைவுகூர்ந்து துக்கம் காப்பது. மூன்றாவதாக மனிதரோடும் வாழ்வோடும் மீண்டும் இணைவது. தம் துன்பத்தைப் பிறருக்கான பணியாக மாற்றுவதை அவர் மூன்றாவது கட்டத்தில் வைக்கிறார். எல்லோரும் அப்படி மாற்றுவார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஒரு சிலருக்கே அது வழியாகிறது.

இந்த வரிசை நமக்கு முக்கியம். நம்மில் பலருக்கு இரண்டாவது கட்டமே மறுக்கப்பட்டது. உடல் கிடைக்காமல் செத்தவீடு இல்லை. எட்டும் முப்பத்தியொன்றும் இல்லை. நினைவேந்தலில் விளக்கேற்றவே பல வருடங்கள் தடை இருந்தது. அழவிடாமல் ‘எழுந்து சேவை செய்’ என்று சொல்வது ஆற்றுப்படுத்தல் ஆகாது. அடக்கிய துக்கம் வேலைக்குள் ஒளிந்துகொள்ளும், ஆறிப்போகாது.

சேவை எதற்கு மாற்று அல்ல

‘பழசை மறந்து முன்னே போங்கள்’ என்று சொல்பவர்களுக்கு, தன் காயத்தை மறந்து பிறருக்கு உதவிய ஒருவரின் கதை வசதியாக இருக்கும். அந்த வசதியை நாம் கொடுக்கக்கூடாது. சேவை, நீதிக்கு மாற்று அல்ல. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் தோன்றி, வன்னியில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் காலமானபோதும் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கவில்லை. மக்களுக்கு ஆறுதல் சொல்வதும் மக்களுக்காகக் கேள்வி கேட்பதும் அவரிடம் ஒரே பணியாக இருந்தன.

சேவை வைத்தியத்துக்கும் மாற்று அல்ல. நாள் முழுவதும் ஊருக்காக ஓடியும் இரவில் நித்திரை வராதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அடிக்கடி பயங்கரக் கனவு, காரணமில்லாக் கோபம், குடி கூடுதல், சாவைப் பற்றிய நினைவு ஆகியவை இருந்தால் உதவி தேவைப்படுபவர் நீங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இன்னொரு எல்லையும் உண்டு. நம் காயத்தை மட்டுமே காணும் சேவை பாதியில் நின்றுவிடும். முசலியின் முஸ்லிம் மக்கள் 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். முள்ளிக்குளத்தார் போராடிய அதே 2017இல், அயலூரான மறிச்சுக்கட்டியிலும் மக்கள் தங்கள் காணிகள் வனப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதை எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். பக்கத்து ஊரின் இழப்பையும் கேட்கத் தெரிந்த மனமே உண்மையில் ஆறத் தொடங்கிய மனம்.

எங்கிருந்து தொடங்குவது?

தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். வலை பின்னத் தெரிந்தவர் அதைக் கற்றுக்கொடுக்கலாம். கணக்குத் தெரிந்தவர் கிழமைக்கு இரண்டு பின்னேரம் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். படிவம் நிரப்பத் தெரிந்தவர், பிரதேச செயலகத்துக்குத் தனியாகப் போகத் தயங்கும் ஒரு அம்மாவோடு கூடப் போகலாம். சிறியதாக இருந்தாலும் ஒழுங்காக நடப்பது நல்லது. குறித்த நாளில் ஒருவர் நம்மை எதிர்பார்த்திருக்கிறார் என்பதே படுக்கையிலிருந்து எழ ஒரு காரணம்.

தனியாகச் செய்யாதீர்கள். மாதர் சங்கம், மீனவர் சங்கம், பங்குச் சபை, கோயில் நிர்வாகம், சனசமூக நிலையம் என்று ஏதாவது ஒன்றோடு சேர்ந்து செய்யுங்கள். பாரத்தைப் பகிர ஆள் வேண்டும். நீங்கள் இளைப்பாறும் நாளில் வேலை நின்றுவிடவும் கூடாது.

ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது தீர்வு சொல்ல அவசரப்படாதீர்கள். ‘எனக்கு இதைவிட மோசம்’ என்று ஒப்பிடவும் வேண்டாம். சொல்ல விரும்பாதவரைக் கிளற வேண்டாம். கேட்டதை வெளியில் கொண்டுபோகாதீர்கள். செய்தியாளர்களும் நிறுவனங்களும் ஒரே தாயிடம் ஒரே கதையைப் பத்துத் தடவை கேட்டு அழவைத்த காலம் நமக்குத் தெரியும். அதை நாமும் செய்யக்கூடாது.

‘இன்றைக்கு இயலாது’ என்று சொல்லப் பழகுங்கள். தினம் தினம் பிறரின் துயரத்தைக் கேட்பவரின் பழைய காயம் மீண்டும் திறக்கக்கூடும். ஓய்வெடுப்பது துரோகம் அல்ல. சேவை செய்ய முடியாமல் இருப்பவரும் குறைந்தவர் அல்ல. உயிரோடு இருப்பதற்காக எவரும் எவருக்கும் விலை கொடுக்க வேண்டியதில்லை.

நிலைமை கைமீறினால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லலாம். அல்லது தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பக்கத்து வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒருவர் இருந்தால், அவரை அங்கே அழைத்துச் செல்வதும் ஒரு சேவைதான்.