அட்லாண்டா நகரத்துப் பெண்களும் அவர்தம் ஏடுகளும்

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் நாடுவது அந்நகரத்துச் சுவடிக்கூடங்களையே. நகரசபைத் தீர்மானங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், வணிகர் கணக்கேடுகள், படைத்தலைவர் கடிதங்கள் ஆகியன அங்கே அடுக்கடுக்காக இருக்கும். ஆனால், அந்நகரத்திலே வாழ்ந்த மக்களுட் பாதிப்பேரான பெண்கள் என்ன செய்தனர், என்ன எண்ணினர் என்று வினவினால், அவ்வேடுகள் பெரும்பாலும் வாய் திறவா. பெண்கள் வரலாறு படைக்கவில்லை என்பதன்று இதன் பொருள். ஏடு எழுதும் வாய்ப்பும், எழுதியதைக் காக்கும் இடமும் அவர்களுக்கு அரிதாயின என்பதே. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் நகரங்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலே ஜோர்ஜியா மாநிலத்தின் தலைநகராக விளங்கும் அட்லாண்டா.

அட்லாண்டா பழமை மிக்க நகரமன்று. 1837ஆம் ஆண்டிலே இருப்புப்பாதை ஒன்றின் முடிவிடமாகக் குறிக்கப்பட்ட இடத்திற் தோன்றிய ஊர் அது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், தளபதி ஷேர்மனின் படையினர் அதன் பெரும்பகுதிக்குத் தீயிட்டனர். போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தோட்டப்புறங்களை விட்டு வேலை தேடி அந்நகரை அடைந்தனர். அவர்களுட் பெண்களும் பலர். ஜோர்ஜியாவில் 1829ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவிப்பதைக் குற்றமாக்கியிருந்தது. ஆதலால் நகரத்துக்கு வந்த பெண்களுட் பெரும்பாலோர் கையொப்பமிடவும் அறியாதவர். தம் வரலாற்றைத் தாமே எழுதிவைக்க அவர்களால் எங்ஙனம் இயலும்?

1881ஆம் ஆண்டிலே, மூன்று திங்கள் இடைவெளியில், அந்நகரத்திலே இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. இரண்டும் கறுப்பினப் பெண்களைப் பற்றியவை. ஒன்று ஏடுகளால் நிலைபெற்றது. மற்றையது ஏடின்றி மறைய இருந்தது.

முதலாவது ஏப்பிரில் 11ஆம் நாள் நடந்தது. வட மாநிலமாகிய மசச்சூசெற்சிலிருந்து வந்த சோபியா பக்காட், ஹரியற் கைல்ஸ் என்னும் ஆசிரியைகள் இருவர், பிரென்ட்ஷிப் பப்ரிஸ்ட் தேவாலயத்தின் நிலவறையிலே பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். கையில் இருந்தது நூறு டொலர். வந்த மாணவியர் பதினொருவர். அவர்களுட் பெரும்பாலோர் அடிமைத்தளையில் வாழ்ந்து மீண்ட வளர்ந்த பெண்கள். வேதநூலைத் தம் கண்ணாற் படிக்க வேண்டும் என்பதே அவர்களுட் பலரின் வேட்கை. அப்பள்ளியே 1884இல் ஸ்பெல்மன் என்னும் பெயரைப் பெற்று, 1924இல் ஸ்பெல்மன் கல்லூரியாக உயர்ந்தது. 1885 முதல் அது தன் இதழொன்றையும் வெளியிட்டது. ஆகவே அப்பெண்களின் கல்வி வரலாறு அக்கல்லூரியின் சுவடிக்கூடத்தில் அவர்தம் சொந்த வீட்டிலேயே இருப்பதுபோல் இருக்கின்றது.

இரண்டாவது நிகழ்ச்சி அவ்வாண்டு யூலையில் நடந்தது. அக்காலத்து அட்லாண்டாவில் கூலிக்கு உழைத்த கறுப்பினப் பெண்களுள் ஏறத்தாழ எல்லோரும் வீட்டுவேலை செய்தவர்களே. அவர்களுட் பெருந்தொகையினர் துணி வெளுத்தனர். திங்கட்கிழமை வீடு வீடாகச் சென்று அழுக்குத் துணி எடுத்து, தண்ணீர் சுமந்து, தாமே காய்ச்சிய சவர்க்காரமிட்டுத் துவைத்து, கஞ்சியிட்டு, இரும்புப்பெட்டி தேய்த்து, சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இத்தனைக்கும் ஒரு மாதத்திற் கிடைத்தது நான்கு முதல் எட்டு டொலர் வரையே. ஆயினும் பிறர் வீட்டுச் சமையலறையில் அடைபடாமல், தம் முற்றத்திலே, தம் பிள்ளைகளைக் கண்முன் வைத்துக்கொண்டு செய்யத்தக்க தொழில் அது என்பதால், அவர்கள் அதனைப் பெரிதாக மதித்தனர்.

அப்பெண்களுள் இருபதின்மர் ஒரு தேவாலயத்திற் கூடிச் சலவைச் சங்கம் ஒன்றை நிறுவினர். பன்னிரண்டு இறாத்தல் துணிக்கு ஒரு டொலர் கூலி வேண்டும் என்று தீர்மானித்து வேலையை நிறுத்தினர். வீடு வீடாகச் சென்று ஆள் சேர்த்தனர். மூன்று வாரத்துள் இருபது மூவாயிரமாயிற்று. நகரத்தார் திகைத்தனர். பொலிசார் சிலரைக் கைதுசெய்தனர். சங்கத்தைச் சேர்ந்தோர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் இருபத்தைந்து டொலர் கட்டி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்னும் யோசனை நகரசபையில் எழுந்தது. பல மாத வருமானத்தை விழுங்கும் தொகை அது. அப்பெண்களோ நகரத் தலைவருக்குக் கடிதம் எழுதினர். இருபத்தைந்து என்ன, ஐம்பது டொலரும் கட்ட ஆயத்தம். ஆனால் அதன் பின் நகரத்துச் சலவைத்தொழில் எங்கள் கையில் இருக்கவேண்டும் என்பது அக்கடிதத்தின் கருத்து. இறுதியிலே நகரசபை அந்த யோசனையைக் கைவிட்டது.

இவையெல்லாம் இன்று எவ்வாறு தெரியவருகின்றன? சலவைச் சங்கத்தின் கூட்ட அறிக்கை ஒன்றேனும், உறுப்பினர் இடாப்பு ஒன்றேனும் எச்சுவடிக்கூடத்திலும் இல்லை. எஞ்சியிருப்பவை அவர்களை எள்ளி நகையாடிய 'அட்லாண்டா கொன்ஸ்ரிரியூசன்' நாளிதழின் செய்திகளும், அவர்களை அடக்க முனைந்த நகரசபையின் நடவடிக்கைகளுமே. அவர்தம் கடிதங்கூட அந்நாளிதழ் வெளியிட்டமையாலேயே நிலைத்தது. சாரா கொலியர் என்னும் பெண்ணுக்கு இருபது டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. கட்ட மறுத்த அவருக்கு நாற்பது நாள் சங்கிலிக் கைதிகளுடன் வேலைசெய்யும் தண்டனை கிடைத்தது. மூவாயிரவருள் அவருடைய பெயரும் வேறு சிலருடைய பெயர்களும் நமக்குக் கிடைத்தமைக்குக் காரணம், அவர்கள் கைதானமையே. அகப்படாதவர்கள் பெயரின்றி மறைந்தனர்.

பகைவர் எழுதிய ஏட்டிலிருந்தும் உண்மையைப் பிரித்தெடுக்க வரலாற்றாசிரியரால் முடியும். தேரா ஹன்ரர் என்னும் வரலாற்றாசிரியை, 1997இல் வெளிவந்த தம் நூலிலே அப்பணியைச் செய்தார். ஏளனமாக எழுதிய செய்தியிலும், ஏளனம் செய்தவரின் அச்சம் வெளிப்படுகின்றது. சமையற்காரிகளும் தாதியரும் கூடுதற் கூலி கேட்கத் தொடங்கினர் என்று முறையிடும் வரிகளிலே, அந்த வேலைநிறுத்தத்தின் வலிமை புலப்படுகின்றது.

ஏட்டின் அருமையை நன்குணர்ந்த ஒரு தலைமுறை பின்னர் வந்தது. 1906 செப்ரெம்பரில் அட்லாண்டாவில் கறுப்பின மக்கள்மீது பெருங்கலவரம் ஏவப்பட்டது. அதற்கு ஈராண்டின் பின், 1908 யூலையில், லுஜீனியா பேர்ன்ஸ் ஹோப் என்னும் அம்மையார் அயலிலுள்ள பெண்களைத் தம் இல்லத்துக்கு அழைத்தார். அயலிலே இளம்பெண் ஒருத்தி நோயுற்று, கவனிப்பாரின்றி இறந்திருந்தாள். பக்கத்து வீட்டார்க்கும் அவள் நிலை தெரியவில்லை. இனி இவ்வாறு நேரலாகாது என்று அவர்கள் அமைத்ததே 'நெய்பர்ஹூட் யூனியன்', அதாவது அயலார் ஒன்றியம். நகரத்தின் கறுப்பினக் குடியிருப்புகளை அவர்கள் வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டனர். வீடு வீடாகச் சென்று, யார் நோயாளி, எங்கே கிணறு கெட்டது, எத்தெருவில் விளக்கில்லை என்று விசாரித்துக் குறித்தனர்.

1913இல் அவ்வொன்றியப் பெண்கள் நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளின் பொதுப் பள்ளிகளை நேரிற் சென்று ஆராய்ந்தனர். இருக்கைகளிலும் பிள்ளைகள் மிகுதி. ஒரே ஆசிரியை காலையில் ஒரு தொகுதிக்கும் மாலையில் மற்றொரு தொகுதிக்கும் கற்பிக்கும் நிலை. கண்டதை எழுதி நகரசபையின் முன் வைத்தனர். வாக்குரிமை அற்ற அப்பெண்களுக்கு அவ்வேடே படைக்கலமாயிற்று. பலன் உடனே கிட்டவில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்கான முதற் பொது உயர்நிலைப்பள்ளி அந்நகரத்திலே 1924இல்தான் திறக்கப்பட்டது. ஆயினும் அவ்வொன்றியத்தின் கூட்ட அறிக்கைகளும் ஆய்வுத்தாள்களும் அழியவில்லை. அட்லாண்டாப் பல்கலைக்கழக மையத்தின் ரொபேட் வுட்றஃப் நூலகத்தில் அவை பேணப்படுகின்றன. சலவைப் பெண்களை அவர்தம் பகைவர் வாயிலாகவே கேட்கின்றோம். அயலார் ஒன்றியத்துப் பெண்களையோ அவர்தம் சொற்களிலேயே கேட்கின்றோம்.

பெண்களின் வாக்குரிமை 1920இல் அமெரிக்க அரசியலமைப்பில் இடம்பெற்றது. ஜோர்ஜியா அதனை முன்னரே நிராகரித்திருந்தது. 1970இலேயே ஒப்புக்கு ஏற்றது. கறுப்பினப் பெண்கள் தடையின்றி வாக்களிக்க 1965ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. பின்னர்ச் சமவுரிமைத் திருத்தத்துக்காகப் போராடியோரும் ஜோர்ஜியாவிலே தோல்வியே கண்டனர். தோற்றவர் ஏடு குப்பைக்குப் போவது உலக வழக்கம். அவ்வழக்கத்துக்கு மாறாக, அட்லாண்டாவிலுள்ள ஜோர்ஜியா அரசுப் பல்கலைக்கழகம் 1995 முதல் அப்போராட்டத்தினரின் கடிதங்களையும் துண்டுப்பிரசுரங்களையும் தேடிச் சேர்த்து வருகின்றது. எழுதாதவர்களின் நினைவுகளையும் அவர்தம் குரலிலேயே ஒலிப்பதிவு செய்து வைக்கின்றது.

இன்னுமொரு செய்தி. எழுத்தாளர் அலிஸ் வோக்கர், ஜோர்ஜியாவின் நாட்டுப்புறத்திலே குத்தகைப் பயிர்ச்செய்கையாளர் குடும்பத்திற் பிறந்து, 1961இல் ஸ்பெல்மன் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார். அவ்வாண்டிலே அதே நகரத்து எமரிப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவரைச் சேர்த்ததில்லை. 2007இல் அவர் தம் கடிதங்களையும் கையெழுத்துப் படிகளையும் ஒப்படைத்தது அந்த எமரியிடமே. 2009இல் அவை ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்டன. வாயில் மூடியிருந்த இடத்திலே அவர் ஏடுகள் இன்று காக்கப்படுகின்றன.

அட்லாண்டாவின் சுவடிக்கூடங்கள் உணர்த்தும் பாடம் இதுவே. ஒரு மக்களின் வரலாறு அவர்கள் செய்த செயலினால் மாத்திரம் நிலைப்பதில்லை. செயலை எழுதி வைத்த கையினாலும், எழுதியதை எறியாது காத்த கையினாலுமே நிலைக்கின்றது. மாதர் சங்கத்தின் கூட்ட அறிக்கை, கடன் குறித்த கொப்பி, தாய் மகளுக்கு எழுதிய கடிதம் முதலியவை அவை எழுதப்பட்ட நாளிலே பெறுமதியற்றவையாகத் தோன்றலாம். ஆனால் சாரா கொலியரோடு நின்ற மூவாயிரம் பெண்களின் பெயர்களை இன்று தேடுவோர், அத்தகைய கொப்பி ஒன்றேனும் கிடைக்காதா என்றே ஏங்குகின்றனர்.