பனையேறியின் வெள்ளைச் சுவர்

வீட்டுக்கு வர்ணம் பூசப் போகிறவர்கள் கடையிலிருந்து ஓர் அட்டை வாங்கி வருகிறார்கள். படுக்கையறைக்கு நீலம் அமைதி தரும், சாப்பாட்டறைக்கு மஞ்சள் பசியைத் தூண்டும் என்று நிறத்துக்கு நிறம் பலன் சொல்வார்கள். ஏறக்குறைய ஜோசியம்தான். ஆனால் சுவரின் நிறத்துக்கு மெய்யாகவே ஓர் அர்த்தம் இருந்த ஊர் உண்டு: நாசரேத்.

திருச்செந்தூர் ரயில் பாதையில், பனங்காட்டுச் சீமையில் இருக்கிறது அந்த ஊர். அந்தப் பக்கத்துப் பனையேறிகளுக்கு ஒரு காலத்தில் வீடு என்றால் மண் சுவரும் ஓலைக் கூரையும்தான். வேடிக்கை என்னவென்றால், வெள்ளைச் சுவருக்கு வேண்டிய சரக்கு அவர்கள் கையிலேயே இருந்தது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. பெரிய மனிதர் வீட்டுக் காரையில் பிடிப்புக்காகக் கலந்ததும் கருப்பட்டித் தண்ணீர்தான். கூடவே கடுக்காய், மெருகுக்கு முட்டையின் வெள்ளைக் கரு. சுண்ணாம்புக்கோ முத்துக்குளித்துறையில் பஞ்சமில்லை. சிப்பியையும் கிளிஞ்சலையும் காளவாயில் சுட்டுத் தண்ணீர் தெளித்தால் பூத்துவிடும். சென்னையில் இந்தச் சாந்து பூசிய சுவர்களைக் கண்ட வெள்ளைக்காரர்கள், சலவைக்கல்லுக்கு நிகர் என்று வியந்தார்கள்.

சரக்கு இருந்தது, சுவர்தான் இல்லை. எல்லைக்கு அப்பால், திருவிதாங்கூரில், இன்னும் மோசம். நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பணியக் கூடாது, மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. பெண்களின் மேலாடைக்கு 1859-இல் வந்த பிரகடனமும் அரைகுறை அனுமதியே தந்தது.

1876-இல், தாது வருஷப் பஞ்சத்தின் வாசலில், ஆர்தர் மர்காஷிஸ் என்ற இளம் மிஷனரி நாசரேத்துக்கு வந்தார். 1878-இல் கைத்தொழிற் பள்ளி பிறந்தது. பையன்கள் தச்சு வேலை கற்றார்கள். கதவும் ஜன்னலும் செய்யக் கற்றவனுக்கு, அவற்றைப் பொருத்த ஒரு சுவர் வேண்டாமா? 1908-இல் மர்காஷிஸ் காலமானார். பனையேறியின் பேரன் தன் சுவரில் முதல் வெள்ளை பூசியபோது, அது அழகுக்காக மட்டும் பூசியது என்று நான் நினைக்கவில்லை.

நீல அறையின் கதை வேறு. சுண்ணாம்பு எல்லா நிறத்தையும் ஏற்காது. பிரஷ்ய நீலம் அதில் கெட்டுவிடும். காவி நிற்கும், வேட்டி வெளுக்கப் போடும் சலவை நீலமும் நிற்கும். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்துக் கல்லை அரைத்து எடுத்த அந்த நீலம், தங்கத்தோடு போட்டியிட்ட விலை விற்றது. 1820-களில் பிரெஞ்சுக்காரர் கிமே அதைச் செயற்கையாகச் செய்தார்; அப்புறம் பெட்டிக் கடைக்கே வந்துவிட்டது. ஒரு சிட்டிகை போட்டால் சுண்ணாம்பின் பழுப்பு மறைந்து பளீரென்று வெளுக்கும். கை தாராளமானால் அறையே வானமாகிவிடும். அமைதி எல்லாம் பிற்பாடு சொன்ன வியாக்கியானம்!

மற்றவர்கள் பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள், நாசரேத்தில் கிறிஸ்துமஸுக்கு. பனை மட்டையின் நுனியைத் தட்டித் தும்பாக்கினால், அதுவே பிரஷ்.