பட்டாவில் இல்லாதவர்கள்: கொங்கு நிலத்தின் வகை மாறும்போது கணக்கில் வருவது யார்?

கொங்குப் பகுதியில் இன்று எந்தக் கிராமத்துக்குப் போனாலும் பேச்சு நிலத்தைப் பற்றித்தான். சேலம்–கொச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் செங்கப்பள்ளி, அவிநாசி, கருமத்தம்பட்டி, கணியூர், நீலம்பூர் என்று வரிசையாகத் தோட்டங்கள் குடோன்களாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறிவிட்டன. கோவைக்கு மேற்கே மைல்கல் முதல் நரசிம்மநாயக்கன்பாளையம் வரை சுமார் 32 கி.மீ. நீளத்துக்கு மேற்குப் புறவழிச்சாலை வருகிறது. 1994-இல் ஒப்புதல் பெற்ற மாஸ்டர் பிளானுக்குப் பதிலாக 2041-ஐ இலக்காக வைத்த புதிய முழுமைத் திட்டத்தின் வரைவு 2024-இல் வெளியானது. எந்த சர்வே எண் வேளாண் மண்டலம், எது குடியிருப்பு, எது வணிகம், எது தொழில் என்று அந்த வரைபடம் நிறம் பிரிக்கிறது. ஒரு நிறம் மாறினால் ஏக்கர் விலை தலைகீழாக மாறும்.

இதில் இரண்டு குரல்கள் உரக்கக் கேட்கின்றன. ஒன்று, "விவசாயத்தைக் காப்பாற்று". மற்றொன்று, "வளர்ச்சிக்கு வழிவிடு". இரண்டையும் பேசுபவர்கள் பெரும்பாலும் பட்டாதாரர்கள். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்து, ஊருக்கு வெளியே வளவிலும் காலனியிலும் வாழும் அருந்ததியர் முதலான தலித் மக்கள் இந்த விவாதத்தில் எங்கே இருக்கிறார்கள்? இதற்கு விடை காண நாம் இருநூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். நிலத்தின் வகை மாறுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. வகை மாறிய ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் பெயர் இருந்தவர் மேலே போனார், பெயர் இல்லாதவர் இருந்த இடத்திலேயே நின்றார்.

பட்டா பிறந்த மண்

1792-இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்ததும் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் அங்கேதான் ரயத்துவாரி முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். 1799-இல் திப்பு வீழ்ந்தபின் கோயம்புத்தூரும் கம்பெனிக்கு வந்தது. 1820-இல் மன்றோ சென்னை ஆளுநர் ஆனதும் அந்த முறை மாகாணத்தின் பொது விதியாயிற்று.

ஜமீன்தார் என்ற இடைத்தரகர் இல்லாமல் அரசு நேராக உழவனிடம் வரி வாங்குவதே ரயத்துவாரி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். யார் உழவன் என்று முடிவு செய்தது யார் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. கலெக்டருக்கு ஒவ்வொரு வயலும் தெரியாது. அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவர்கள் ஊரின் கர்ணமும் மணியக்காரரும். பரம்பரையாக வந்த அந்தப் பதவிகள் ஆதிக்க சாதிகளின் கையில் இருந்தன. ஏர் பிடித்தவன் பண்ணையாள், ஏருக்கு உரியவர் பட்டாதாரர். பண்ணையாளின் உழைப்பு வரிக்கணக்கில் வராது, அதனால் அவன் பெயரும் வரவில்லை. அந்தப் பரம்பரைக் கிராம அதிகாரி முறை 1980-இல்தான் ஒழிக்கப்பட்டது. ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகள் நம் நிலத்தின் கதையை எழுதியது ஒரே தரப்பின் பேனா.

புஞ்சை தோட்டமான கதை

கொங்கு மழை குறைந்த நாடு. இங்கே புஞ்சையைத் தோட்டமாக்கியது கிணறு. கல்லை உடைத்துக் கிணறு தோண்ட வேண்டும். தோண்டிய பிறகு கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்க வேண்டும். மாடுகள் இழுக்க, கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவந்தது தோல் பறி. அந்தப் பறியைத் தைத்தவர்கள் அருந்ததியர். செத்த மாட்டை அப்புறப்படுத்தி, தோலைப் பதப்படுத்தி, பறி தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டு, செருப்பும் வாரும் செய்து கொடுத்ததற்கு அறுவடைக் களத்தில் அளந்து போட்ட தானியமே கூலி. இறைப்பிலும் உழவிலும் களையெடுப்பிலும் அதே குடும்பத்தின் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வேலை செய்தார்கள். முன்பணம் வாங்கியதால் ஆண்டு முழுக்க ஒரே பண்ணையத்தில் கட்டுண்டு கிடந்தார்கள்.

புஞ்சையைவிடத் தோட்டத்துக்கு விலை அதிகம். அந்த விலை ஏற்றத்தில் பறி தைத்தவரின் பங்கு எவ்வளவு? எந்தப் பதிவேடும் அதை எழுதவில்லை. அதே கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுக்கக்கூட அவருக்கு உரிமை இல்லை.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவையில் பஞ்சாலைகளைப் பெருக்கியது, தோட்டங்களுக்குப் பம்புசெட்டைக் கொண்டுவந்தது. பறியின் தேவை போனது. ஒரு சமூகத்தின் கைத்தொழிலே மறைந்தபோது அதற்கு நட்டஈடு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. தோட்டத்தில் சேர்ந்த பணம் பிறகு ஜின்னிங் ஆலைக்கும் விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் முதலானது. நிலம் வைத்திருந்தவர்களால் தொழிலுக்கு நகர முடிந்தது. பொருளாதார அறிஞர் ஜூடித் ஹேயர் 1980-களின் தொடக்கத்திலிருந்து கோவை வட்டாரக் கிராமங்களைத் திரும்பத் திரும்ப ஆய்வு செய்தவர். இவ்வளவு தொழில் வளர்ச்சிக்கு நடுவிலும் தலித்துகள் நிலமற்ற கூலிகளாகப் பின்தங்க வைக்கப்பட்டதை அவர் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

வந்து தவறிய வாய்ப்புகள்

பெயர் ஏறுவதற்கு வாய்ப்பே வரவில்லை என்று சொல்ல முடியாது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி வழங்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இரு தோழர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

இரண்டாவது, 1961-இன் நில உச்சவரம்புச் சட்டம். 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றிருந்த வரம்பு 1970-இல் 15 ஆகக் குறைந்தது. கொங்கில் ஜமீன் பண்ணைகளைவிட நடுத்தரத் தோட்டங்களே அதிகம். சட்டம் தொடாத அளவுக்குள் பல நிலங்கள் இருந்தன, தொடும் அளவில் இருந்தவை உறவினர் பெயர்களில் பிரிந்தன. மூன்றாவது, 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டம். பழைய பதிவேட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்புகள் புதிய பதிவேட்டில் காணாமல் போனதும் வேறு பெயர்கள் நுழைந்ததும் பஞ்சமி நில மீட்பில் இறங்கிய எவரும் சந்திக்கும் சிக்கல்.

இன்றைய நிற வரைபடத்துக்கு அடியில் இருப்பது இந்தப் பதிவேடுதான்.

சட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை

2013-இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் ஒரு முக்கியமான காரியம் செய்தது. நிலமே இல்லாத விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், வாரத்துக்குப் பயிர் செய்வோர், கைவினைஞர்கள் ஆகியோர், நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்றாண்டுகள் அந்தப் பகுதியை நம்பி வாழ்ந்து பிழைப்பை இழந்தால், அவர்களையும் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்று அது வரையறுத்தது. பட்டாவுக்கு வெளியே நின்றவரை இந்தியச் சட்டம் பெயர் சொல்லி அழைத்தது அநேகமாக அப்போதுதான். மறுவாழ்வாக வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாத உதவித்தொகை என்ற ஏற்பாடும் அதன் இரண்டாம் அட்டவணையில் உண்டு.

அப்படிப்பட்ட குடும்பங்களை யார் எண்ணுவது? அதற்கான கருவி அதே சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு. ஊருக்கு வந்து, விசாரித்து, பட்டியலிட வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு 2015-இல் நட்டஈடு, மறுவாழ்வு அட்டவணைகள் மட்டுமே நீட்டிக்கப்பட்டன, மதிப்பீடு நீட்டிக்கப்படவில்லை. தமிழ்நாடு அரசோ 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்து மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கியது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அரசு புதுச் சட்டம் இயற்றியது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

அந்த மூன்று சட்டங்கள் எவை என்று பாருங்கள். ஒன்று 2001-இன் நெடுஞ்சாலைச் சட்டம். இன்னொன்று 1997-இன் தொழில் நோக்கத்துக்கான சட்டம். மூன்றாவது 1978-இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக, அதாவது நமக்கு வீட்டுமனை கொடுப்பதற்காக, இயற்றப்பட்ட சட்டம். நமக்கு மூன்று சென்ட் எடுக்க வந்த சட்டத்தையும், நம் பிழைப்பின் மேல் சாலை போட வந்த சட்டத்தையும் ஒரே பிரிவில் கட்டி வைத்திருக்கிறார்கள். விளைவு, சாலை போடும்போது கூலிக்காரர் சட்டப்படி பாதிக்கப்பட்டவர்தான், ஆனால் அவரை எண்ண ஆள் வருவதில்லை.

மண்டல மாற்றத்தில் அதுவும் இல்லை. அங்கே யாரும் நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. நிறம் மாறுகிறது, உரிமையாளர் விற்கிறார், வேலை முடிகிறது. நட்டஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

சுவருக்கு இந்தப் பக்கம்

2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் பக்கத்து இடத்தின் உயரமான கல் சுவர் கனமழையில் இடிந்து தலித் குடியிருப்பு வீடுகள் மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட 17 பேர் இறந்தார்கள். இதை மழையின் விபத்தாக மட்டும் படித்துவிட்டுப் போக முடியாது. தலித் வீடுகளை ஒட்டி எவ்வளவு உயரத்துக்குச் சுவர் எழலாம், அதை யார் சோதிப்பது, அந்த மக்கள் ஏன் அந்தச் சரிவில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள் என்பவை எல்லாம் நகர் ஊரமைப்புக் கேள்விகள். தோட்டம் மனைப்பிரிவாகும் ஒவ்வொரு இடத்திலும் சுற்றுச்சுவர் எழுகிறது. சுடுகாட்டுப் பாதை, ஓடைப் புறம்போக்கு, ஆடு மேய்த்த கொறங்காடு எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் போகின்றன.

எந்தப் பக்கம் நிற்பது?

2022-இல் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் தொழிற்பூங்காவுக்காக 3,800 ஏக்கருக்கும் மேல் எடுக்க அரசு முனைந்தபோது விவசாயிகள் திரண்டு போராடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு பின்வாங்கியது. விவசாயிகளின் நிலத்தைக் கட்டாயப்படுத்தி எடுப்பதில்லை, தனியார் நிறுவனத்திடம் இருக்கும் சுமார் 1,630 ஏக்கரில் மட்டும் அமைப்போம் என்றது. திரண்டால் அரசு கேட்கும் என்பதற்கு அது சான்று. இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு கடனில் தத்தளிக்கும் சிறு விவசாயியின் பயம் உண்மையானது. அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை.

அதற்காக "விவசாயம் அழிகிறது" என்று கண்ணை மூடிக்கொண்டு கூட அழவும் நமக்குக் காரணம் இல்லை. நிலத்தில் தேவைக்கு மேல் மக்கள் தேங்கிக் கிடப்பதே நோய், தொழில்மயமே மருந்து என்று அம்பேத்கர் 1918-லேயே சிறு நில உடைமை பற்றிய கட்டுரையில் வாதிட்டார். பண்ணையத்தை விட்டு மில்லுக்குப் போன நம் பெற்றோர் அடைந்த விடுதலையை நாம் மறக்க முடியாது. நம் நிலைப்பாடு எளிது. நிலம் பயிராகவே இருந்தாலும் கட்டடமாக மாறினாலும் அதில் நம் பங்கு என்ன என்று கேட்போம். போராட்டத்துக்குக் கூப்பிடுபவர்களிடமும், திட்டம் போடுபவர்களிடமும்.

மாணவர்களும் இளம் தோழர்களும் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் கிராமத்தின் அ-பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். நிபந்தனைப் பட்டா எதுவும் காணாமல் போயிருந்தால் எழுதி வையுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் அப்படிப்பட்ட நிலம் வைத்திருக்கும் நம் குடும்பங்களிடம் புரோக்கர்கள் முதலில் வருவார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த நிபந்தனையை வாசித்துக் காட்டுங்கள். வரைவுத் திட்டமோ மண்டல மாற்ற அறிவிப்போ வந்தால் ஆட்சேபணைக் காலக்கெடுவுக்குள் காலனி, சுடுகாடு, பாதை, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைக் குறித்து மனு கொடுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காடு நலிந்த பிரிவினருக்கான மனைகளாக இருக்க வேண்டும் என்று கட்டட விதிகள் சொல்கின்றன. அந்த மனைகள் எங்கே, யார் வாங்கினார்கள் என்று ஊர் ஊராகக் கேளுங்கள். சாலைக்கு நிலம் எடுக்கும் இடத்தில் கூலிக் குடும்பங்களின் பட்டியலை நாமே தயாரித்து, கிராமசபையில் தீர்மானமாக்கி, கலெக்டரிடம் கொடுப்போம். அரசு எண்ண வராவிட்டால் நாம் எண்ணுவோம்.

பறி தைத்த கைகளின் கணக்கை அன்று யாரும் எழுதி வைக்கவில்லை. இப்போது எழுதப் படிக்கத் தெரிந்த தலைமுறை நாம். இந்த முறை பதிவேடு மூடப்படும் முன்பே நம் பெயர் அதில் ஏற வேண்டும்.