அரிச்சந்திரனை விலைக்கு வாங்கியவர் யார்?

டெல்டாவில் பேராவூரணி போன்ற ஊர்களில் வளர்ந்த நமக்குச் சுடுகாட்டு வாசல் அரிச்சந்திரன் கல்லைத் தெரியும். பாடையை அங்கே இறக்கிச் சடங்கு முடித்த பிறகுதான் உள்ளே போக முடியும். அந்தச் சடங்கைச் செய்பவர், ஊர் 'வெட்டியான்' என்று அழைக்கும் நம் மக்களில் ஒருவர்.

அதே அரிச்சந்திரன் கதைதான் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பொம்மலாட்டக் குழுக்களின் பெயர்பெற்ற நாடகம். மயான காண்டத்தில் மகன் லோகிதாசனை மடியில் கிடத்திச் சந்திரமதி அழும்போது கூட்டமே அழும். நாமும் அழுதிருக்கிறோம். ஆனால் மன்னனை விலைக்கு வாங்கிய வீரபாகுவை யாராவது கவனித்தோமா?

கதையின் மூலங்களைப் பார்ப்போம். பழைய வடிவம் ஐதரேய பிராமணத்தில் இருக்கிறது. அதில் அரிச்சந்திரன் சத்தியவான் அல்ல. மகனைப் பலியிடுவதாக வருணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் தவணை சொல்லிக்கொண்டே போகிறவன். கடைசியில் நூறு பசுவுக்கு வாங்கப்பட்ட சுனசேபன் என்ற ஏழைச் சிறுவன் பலிக்கம்பத்தில் கட்டப்படுகிறான். சுடுகாடும் இல்லை, வீரபாகுவும் இல்லை.

மார்க்கண்டேய புராணத்தில்தான் மன்னன் சண்டாளனுக்கு அடிமையாகிறான். தமிழில் 16ஆம் நூற்றாண்டில் வீரகவிராயர் அரிச்சந்திர புராணம் பாடினார். வீரபாகுவுக்குச் சேர வேண்டிய கால்பணமும் முழத்துண்டும் நம் மேடைகளில் இன்றும் கேட்கும் சொற்கள்.

சிறுவயதில் அரிச்சந்திர நாடகம் பார்த்த காந்தி, எல்லோரும் ஏன் இப்படிச் சத்தியவானாக இருக்கக் கூடாது என்று ஏங்கியதைத் தன் சுயசரிதையில் எழுதினார். நம் வாசிப்பு வேறு. மன்னனுக்கு வரக்கூடிய ஆகக் கொடிய துன்பம் எது என்று தேடிய புராணம், நம் அன்றாட வேலையை எடுத்து அவன் கையில் கொடுத்தது. நமக்குப் பிறப்பால் விதிக்கப்பட்டது அவனுக்குச் சில நாள் சோதனை.

முடிவு இன்னும் மோசம். மார்க்கண்டேய புராணத்தில் அந்தச் சண்டாளன், மாறுவேடத்தில் வந்த தருமதேவனாகி விடுகிறான். அரசனுக்கு எசமானாக ஒரு சண்டாளன் இருப்பதைக் கதையில்கூடத் தாங்க முடியவில்லை! மன்னனுக்கு முடி திரும்புகிறது, மகன் உயிர்த்தெழுகிறான். சுடுகாட்டு வேலை மட்டும் சாதியோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கிறது.

பொம்மலாட்டம் அழிந்துவரும் கலை. அதைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தோழர்களே, அடுத்த முறை திரை விலகும்போது மன்னனுக்காக மட்டும் அழாதீர்கள். மங்களம் பாடி முடித்த பிறகும் மயானத்தில் நிற்பவர் யார் என்று கேளுங்கள்.