கோயிற் சொத்தும் குடியியல் நீதிமன்றமும்



"சிவன் சொத்துக் குலநாசம்" என்பது நம் முன்னோர் வாக்கு. கோயிலுக்கென விட்ட பொருளைத் தனக்கென எடுக்க நினைப்பவனை அடக்குவதற்கு அவ்வாக்கு ஒன்றே ஒரு காலத்திற் போதியதாயிருந்தது. ஆனால், இரு சாராரும், "இது கோயிற் பொருளே, ஆயினும் அதனைக் காக்கும் உரிமை எமக்கே உரியது" என்று மனமார நம்பி எதிரெதிர் நிற்பாராயின், பழமொழி என் செய்யும்? வழக்கு மன்றேறுகின்றது. ஒரு சமயத்தாருக்குள் எழும் சொத்துப் பிணக்கை, அச்சமயத்தைச் சாராத நீதிபதி ஒருவர் தீர்க்கலாமா? இன்று நாம் ஆராயப் புகுவது இவ்வினாவையே.

இவ்வினா புத்தளக் கரையோரத்து மக்களாகிய எமக்குப் புதியதன்று. சிலாபத்தின் அருகே முன்னேஸ்வரம். உடப்பிலே திரௌபதை அம்மன் கோயில். தலவிலையிலே புனித அன்னம்மாள் ஆலயம். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பள்ளிவாசல்கள். ஒரே உப்பங்காற்றை நுகர்ந்து இத்தனை வழிபாடுகள் வாழ்கின்றன. வழிபாடு உள்ளவிடத்தே காணிக்கை சேரும். காணிக்கை சேருமிடத்தே கணக்கும், கணக்குள்ளவிடத்தே பிணக்கும் தோன்றுதல் இயல்பு.

முற்காலத்தில் அரசனே தருமத்தின் காவலன். போர்த்துக்கேயரால் அழிவுற்ற முன்னேஸ்வரத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டிற் புதுப்பித்தவன் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன். 1815இற் கண்டியரசு வீழ்ந்தது. அரசன் அமர்ந்த இடத்தில் ஆங்கிலேயரின் நீதிமன்றம் அமர்ந்தது.

கத்தோலிக்க மக்களிடையே வேறொரு வகையிற் சிக்கல் எழுந்தது. 1687இல் இலங்கைக்கு வந்த யோசவ்வாஸ் அடிகளாரின் வழிவந்த கோவைக் குருமார் நெடுங்காலம் இம்மக்களைப் பேணினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, போர்த்துக்கேய மன்னரின் ஆதரவுரிமையை ஏற்ற குருமாருக்கும், உரோமாபுரி நேரே அனுப்பிய குருமாருக்குமிடையே பூசல் விளைந்தது. 1886இற் பாப்பரசரும் போர்த்துக்கலும் உடன்படிக்கை செய்தபின்னரும் சிலர் இணங்கினாரல்லர். 1889இற் கொழும்பிலே அல்வாரிஸ் என்பார் தனித் திருச்சபைக்கு ஆயராக அபிடேகம் பெற்றார். குரு மாறினால், மீனவர் தம் உழைப்பிற் பங்கு கொடுத்துக் கட்டிய ஆலயம் யாருடையது? கட்டிய மக்களுடையதா, குருவினுடையதா, உரோமாபுரியினுடையதா? பின்னர் 1906ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்க ஆயர்களைச் சட்டத்தின் கண்ணில் நிலைபேறுடையோராக்கி, ஆலயச் சொத்தை வழிவழி வைத்திருக்க வகை செய்தது.

எல்லார்க்கும் பொதுவான ஏற்பாடு 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில் அமைந்தது. சமயத் தருமமொன்றில் அக்கறையுள்ள ஐவர் கூடி மாவட்ட நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். எனினும், வாயில் உடனே திறவாது. ஆணையாளரைக் கொண்டு விசாரணை நடந்தது என்றும், இணக்கம் கைகூடவில்லை அல்லது மன்றின் துணை வேண்டியுள்ளது என்றும் அரசாங்க அதிபரின் சான்றிதழ் வேண்டும். சமாதானத்தைத் தேடிய பின்னரே சட்டத்தைத் தேடு என்பது இதன் கருத்து.

வழக்கு ஏறிய பின் நீதிபதி எதனைக் கொண்டு தீர்ப்பது? தருமசாதனம் இருப்பின் அதனையும், அச்சமூகத்தின் சமயச் சட்டத்தையும் வழக்காற்றையும், அவ்விடத்துக்கேயுரிய வழமையையும் கருத்திற் கொள்ளுமாறு சட்டம் பணிக்கின்றது. நீதிபதி தம் விருப்பத்தை அளவுகோலாக்குதல் கூடாது. அம்மக்களின் அளவுகோலைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

பௌத்த விகாரைகளின் உடைமைக்கு 1931இல் தனிச் சட்டம் எழுந்தது. முஸ்லிம்களின் பள்ளிவாசல்களுக்கு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் வந்து, வக்பு சபையை நிறுவிற்று. 1982இல் வக்பு நியாய சபையும் அமைந்தது. சமயமறிந்தோரே முதலில் விசாரிக்கட்டும் என்பது இதன் நோக்கம்.

மன்றின் தீர்ப்பும் எல்லையுடையது. 1904இல் ஸ்கொத்லாந்துச் சுயாதீனத் திருச்சபை வழக்கிலே, ஆதிக் கொள்கையை விடாதவர்க்கே சொத்து உரியது என்று பிரபுக்கள் சபை தீர்த்தது. சிறுபான்மையோர் கையிற் பெருஞ் சொத்துச் சேர்ந்தது. அதனை ஆளவும் அவரால் இயலவில்லை. 1905இற் பாராளுமன்றம் சட்டமியற்றி மீளப் பங்கிட வேண்டியதாயிற்று. சட்டத்துக்கு ஒத்த தீர்ப்பெல்லாம் ஊருக்கு ஒத்துவருவதில்லை.

அவ்வாறாயின் ஊரே தீர்க்கட்டும் என்பார் உளர். நன்று, ஆனால் ஊர்ப் பெரியோரே ஒரு கட்சியாய் நின்றால் எளியவன் எங்கே செல்வான்?

இளமையில் யான் ஆசிரியனாய்ப் பணியாற்றிய கடலோரக் கிராமமொன்றிலே, கோயில் நிருவாகம் குறித்து இரு பகுதியார் பகைத்தனர். ஓராண்டு திருவிழா நின்றது. வகுப்பிலே ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள்கூடப் பிரிந்திருந்தனர். முதியவர் ஒருவர் தம் தகப்பனார் பென்சிலால் எழுதிவைத்த வரவு செலவுக் கொப்பியைக் கொணர்ந்தார். எந்தக் குடும்பம் எந்த நாள் உபயம் செய்தது என்பதெல்லாம் அதில் இருந்தது. அவ்வாண்டே இரு பகுதியாரும் இணங்கினர். வழக்குரைஞரை நாடிய கால்கள் வீடு திரும்பின.

ஆகவே யான் கொள்ளும் முடிபு இது: சொத்து யார் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்பதை நீதிமன்றம் தீர்க்கலாம், தீர்த்தலும் வேண்டும். யாருடைய வழிபாடு மெய்யானது என்பதை அது தீர்க்க இயலாது. இரண்டையும் பிரித்தறிவதற்கு மன்றுக்கு உதவுவது எழுதி வைத்த வழமையும், மறைவில்லாத கணக்குமே. அவற்றைப் பேணும் கடமை நீதிபதியுடையதன்று. கோயிலைத் தம்முடையதென்று சொல்லும் நம் அனைவருடையதுமாகும்.